ஆட்டுக்குட்டி பற்றி ஐந்து வாக்கியம், 15 சிவப்பு வட்டம்: நான்காம் வகுப்புப் பிள்ளையின் எழுத்தை எப்படித் திருத்துவது?

கேள்வி: புதுக்கோட்டை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பணியாற்றுகிறேன். ஈராசிரியர் பள்ளி என்பதால் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவகையினரையும் ஒரே அறையில் வைத்து நான் பார்த்துக்கொள்கிறேன். அடிப்படை வாசிப்பு, எழுத்து, கணக்குக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-23இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்து, அடுத்த ஆண்டு எங்கள் வகுப்புகளுக்கும் விரிந்த பிறகு, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுத்ததில் வாசிப்பு ஓரளவு தேறியிருக்கிறது. என் கவலையெல்லாம் எழுதுவதைப் பற்றியது.

சென்ற மாதம் ‘உங்கள் வீட்டில் நடந்த ஒன்றை எழுதுங்கள்’ என்றேன். நான்காம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுதியதை அப்படியே தருகிறேன்:

“எங்க ஆடு நேத்து ராத்திரி மூணு குட்டி போட்டுச்சு. ரெண்டு வெல்ல ஒன்னு கருப்பு. கருப்பு குட்டிக்கு பால் பத்தல. அப்பத்தா பாட்டில்ல பால் ஊத்தி குடுக்குது. நான் பாட்டில புடிச்சிக்கிட்டேன்.”

வழக்கம்போல் சிவப்பு மையில் திருத்தினேன். எண்ணிப் பார்த்தபோது 15 சொற்களைச் சுற்றி வட்டம் போட்டிருந்தேன். ஒவ்வொன்றையும் ஐந்து முறை எழுதிவரச் சொன்னேன். அவனும் ஒரு குறையும் இல்லாமல் எழுதிவந்தான். இரண்டு வாரம் கழித்து அதே பயிற்சியை மறுபடியும் கொடுத்தபோது அவன் எழுதியது இது: “ஆடு ஒரு வீட்டு விலங்கு. ஆடு பால் தரும். ஆடு புல் தின்னும்.” ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. கருப்புக் குட்டியையும், அப்பத்தாவையும், பாட்டிலைப் பிடித்துக்கொண்ட தன்னையும் அவன் எங்கேயோ விட்டுவிட்டு வந்திருக்கிறான். விடச் செய்தது என் சிவப்பு மை என்றே நினைக்கிறேன்.

திருத்தாமலும் விட முடியாது. அடுத்த ஆண்டுகளில் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போகிறவர்கள் இவர்கள். சொல்வதை எழுதுதல் தினமும் பத்துச் சொற்கள் நடத்துகிறேன். அதில் பத்துக்குப் பத்து வாங்குகிற பிள்ளை, சொந்தமாக எழுதும்போது அதே சொல்லைத் தப்பாக எழுதுகிறது. இலக்கணப் பகுதியும் அப்படித்தான்: ஒருமை பன்மையைக் கோடிட்ட இடத்தில் சரியாக நிரப்புகிறார்கள், கட்டுரையில் ‘மாடுகள் மேய்ந்தது’ என்று எழுதுகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது, எதைத் திருத்துவது, எதை இப்போதைக்கு விடுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, தஞ்சாவூர்

அம்மா, அந்த ஐந்து வாக்கியங்களை நான் நான்கு முறை படித்தேன். நல்ல எழுத்து அது. முதலில் அதை அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள். ‘கருப்புக் குட்டி இப்போது நடக்கிறதா, தானாகப் பால் குடிக்கிறதா?’ என்று கேளுங்கள். அவன் சொல்வதையே அடுத்த பத்தியாக எழுதச் சொல்லுங்கள்.

இனி அந்த 15 வட்டங்களுக்கு வருகிறேன். நீங்கள் எல்லாவற்றையும் ஒரே மையில் சுழித்ததால் அவை ஒரே வகைப் பிழையாகத் தோன்றுகின்றன. பிரித்துப் பாருங்கள். ‘வெல்ல’ ஒன்றுதான் மயங்கொலிப் பிழை, அதாவது ஒலி நெருங்கிய எழுத்தை மாற்றிப் போட்டது. ‘கருப்பு குட்டி’, ‘குட்டிக்கு பால்’ இரண்டும் ஒற்று விட்டவை. மீதி 12 சொற்களில் அந்தப் பிள்ளை எந்தத் தவறும் செய்யவில்லை. தன் வீட்டில் எப்படிப் பேசுகிறார்களோ அப்படியே, காதில் விழுந்த ஒலிக்குச் சரியான எழுத்தைப் போட்டு எழுதியிருக்கிறான். மூன்று ஆண்டுகளாக நாம் அவனுக்குக் கற்றுக்கொடுத்ததும் அதைத்தானே? ஒலியைக் கேள், எழுத்தைப் போடு என்றோம். போட்டுவிட்டான். பேசுகிற தமிழுக்கும் எழுதுகிற தமிழுக்கும் நடுவில் உள்ள பாலத்தை நாம் இன்னும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பாலம் ஒழுங்கில்லாதது அன்று. பேச்சுச் சொல் எழுத்துச் சொல்லாக மாறுவதில் தெளிவான வரிசைகள் இருக்கின்றன, பிள்ளைகளே அவற்றைக் கண்டுபிடிப்பார்கள். அவன் எழுதியதிலேயே நேத்து, பத்தல, ஊத்தி மூன்றும் ஒரே வரிசை: பேச்சில் ‘த்த’ என்று வருவது எழுத்தில் ‘ற்ற’ ஆகிறது. பற்றாக்குறை என்ற சொல்லை அவன் படித்திருந்தால் ‘பத்தல’யின் வேர் அவனுக்குப் புரியும். கரும்பலகையில் நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் ‘வீட்டில்’, வலப்பக்கம் ‘நோட்டில்’ என்று எழுதுங்கள். நேத்து, ஊத்தி என்று நீங்கள் இரண்டு சொற்களைத் தந்தால் போதும். காத்து, சோத்துக்கு, ஆத்துல என்று அவர்கள் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஒரு வாரம் முழுக்க அந்த ஒரு வரிசை மட்டும். அந்த வாரத்தில் அவர்கள் எழுதும் எதிலும் ‘ற்ற’வை மட்டும் பாருங்கள்.

மறுவாரம் ‘ச்ச’ வரிசை: படிச்சேன், குடிச்சேன், புடிச்சேன் ஆகியவை படித்தேன், குடித்தேன், பிடித்தேன் ஆகும். அதற்கடுத்து ‘ஞ்ச’ வரிசை: தெரிஞ்சது தெரிந்தது ஆவதையும் அஞ்சு ஐந்து ஆவதையும் பார்த்ததும் சிலருக்கு முகம் மலரும். மூணு, ஒண்ணு, கன்னுக்குட்டி என்பவற்றை மூன்று, ஒன்று, கன்றுக்குட்டி என்று ‘ன்று’ வரிசையில் வையுங்கள். சொல்லின் கடைசியில் வரும் ‘ஐ’ பேச்சில் தேய்ந்து ‘அ’ போல ஒலிப்பதால்தான் மழை ‘மழ’யாகவும் இலை ‘எல’யாகவும் நோட்டுக்கு வருகின்றன; அவன் எழுதிய ‘வெல்ல’, ‘பாட்டில’ இரண்டிலும் இதுவும் சேர்ந்திருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. இவ்வரிசைகளைச் சொல்லிக்கொடுத்த முதல் சில நாள்களில் பிள்ளைகள் மிகையாகத் திருத்துவார்கள். என் வகுப்பில் ‘பத்து ரூபாய்’ ‘பற்று ரூபாய்’ ஆயிற்று. கத்தி ‘கற்றி’ ஆயிற்று. கடிந்துகொள்ளாதீர்கள். விதி உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. பத்து, கத்தி, சித்தப்பா, பாத்திரம் என ‘மாறாத சொற்கள்’ என்று பலகையின் கீழே ஒரு தனிப்பெட்டி போட்டால் சில வாரங்களில் அடங்கிவிடும். உயிரெழுத்து மாறுவதில் மட்டும் இப்படி ஒரே திசையில் விதி சொல்ல முடியாது: ஒடம்பு ‘உடம்பு’ ஆகிறது, ஆனால் குடு ‘கொடு’ ஆகிறது. அவற்றைச் சொல் சொல்லாகத்தான் பழக்க வேண்டும்.

ஒற்று விஷயத்தில் தொடக்கப் பள்ளிக்கு மூன்று இடங்கள் போதும் என்பது என் முடிவு: அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின், ‘ஐ’ உருபுக்குப் பின், ‘கு’ உருபுக்குப் பின். அந்தக் குட்டி, பாலைக் குடித்தது, குட்டிக்குப் பால். இங்கே மட்டும் பேச்சு நமக்கு உதவி செய்கிறது. ‘குட்டிக்குப் பால்’ என்று அவனை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், அந்த இடத்தில் உதடு ஒரு கணம் அழுந்தி நிற்கும். ‘நின்ற இடத்தில் என்ன எழுத்து?’ என்று கேட்டால் அவனே ‘ப்’ என்பான். பெரியவர்களுக்கே வழக்குத் தீராத மற்ற ஒற்று விதிகளை ஒன்பது வயதில் கொண்டுபோய்ச் சுமத்த வேண்டாம்.

‘கருப்பு’ என்பதை நீங்கள் சுழிக்காமல் விட்டது சரி. கறுப்பு என்பது பழைய வழக்கு. கருப்பு என்பதும் இன்று பரவலாக எழுதப்படுகிறது.

‘அப்பத்தா குடுக்குது’ என்பதில் மிகவும் கவனமாக இருங்கள். நம் ஊர்ப்பக்கங்களில் அம்மா வருது, அப்பத்தா சொல்லுது என்பது அன்பான பேச்சு. அதில் அவமதிப்பு ஒரு துளியும் இல்லை. ‘அப்பத்தாவை அஃறிணையில் சொல்லலாமா?’ என்று வகுப்பின் நடுவே கேட்டுவிட்டால் அந்தப் பிள்ளை தன் வீட்டுப் பேச்சைக் கண்டே கூச ஆரம்பித்துவிடும். ‘வீட்டில் அப்படிச் சொல்வோம், நோட்டில் அப்பத்தா கொடுக்கிறார் என்று எழுதுவோம்’ என்று பலகையின் அதே இரண்டு பக்கங்களில் வையுங்கள். திணையும் பாலும் அங்கேயே தொடங்கிவிடும்.

‘மாடுகள் மேய்ந்தது’ வருவதற்கும் காரணம் இதுதான். மேய்ந்தன, போட்டன என்ற வடிவம் பேச்சில் அறவே இல்லை. அந்தப் பிள்ளையின் காது அதைக் கேட்டதே கிடையாது. கோடிட்ட இடம் அதைக் கற்றுத்தராது. ‘ன’வில் முடியும் வாக்கியங்கள் நிறைந்த கதைகளைத் தினமும் ஒரு பக்கம் நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டும். காதுக்குப் பழகியது கைக்கு வரும்.

பதில்: பொருநைக்கரை ஆசிரியர்

அம்மா அவர்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். மயங்கொலிகளைப் பற்றி மட்டும் சில சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் தொல்லை அங்கேதான். திருநெல்வேலிப் பிள்ளைக்கு வாழைப்பழம் ‘வாளப்பளம்’. சென்னையில் சில பிள்ளைகளுக்கு அது ‘வாயப்பயம்’. ஒலியே வேறுபடாத இடத்தில் ‘உற்றுக் கேட்டு எழுது’ என்று சொல்லிப் பயனில்லை.

ஆனால் ண, ன, ந, ல, ழ, ள, ர, ற என்ற எட்டு எழுத்துகளிலும் பாதிக் குழப்பத்தைக் காது இல்லாமலே, எழுத்துகள் அடுத்தடுத்து நிற்கும் முறையைக் கொண்டே தீர்த்துவிடலாம். மெய்ம்மயக்கம் என்று இலக்கணநூல்கள் சொல்வதைப் பெயர் சொல்லாமல் பிள்ளைகளுக்குக் காட்டினால் போதும். டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்று நாம் பெயர் வைத்திருப்பதே அதற்காகத்தான். ட-வுக்கு முன்னால் ண் (வண்டு, நண்டு), ற-வுக்கு முன்னால் ன் (கன்று, தென்றல்), த-வுக்கு முன்னால் ந் (பந்து, சந்தை). ‘அண்டை வீட்டுக்காரர்’ என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். ஒரு சொல்லில் டு வந்தால் அதன் அண்டை வீட்டில் யார் குடியிருக்கிறார் என்று கேட்பேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளே தயங்காமல் சொல்கிறார்கள். சொல்லின் முதலில் இந்த மூன்றில் ந மட்டுமே வரும். நடுவில் அது த-வுக்கு முன்னாலும், வெந்நீர், முந்நூறு போன்ற சில சொற்களில் தன் இனத்தோடும் நிற்கும்.

‘முயற்ச்சி’, ‘பயிற்ச்சி’, ‘கட்ச்சி’ ஆகியவற்றைப் பெரியவர்கள் ஒட்டும் சுவரொட்டிகளிலும் காண்கிறோம். ற், ட் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு புள்ளி எழுத்து வராது என்ற ஒரே விதியில் இது முடிந்துவிடும்: முயற்சி, பயிற்சி, கட்சி. ய், ர், ழ் மூன்றுக்குப் பின் அது வரும்: காய்ச்சல், பார்த்தான், வாழ்த்து. ர், ழ் இரண்டும் இரட்டிக்காது. ஆகவே இரட்டித்து ஒலித்தால் அது ற்ற-வோ, ல்ல-வோ, ள்ள-வோதான். வெள்ளையில் ழகரத்துக்கு இடமே இல்லை என்பது உங்கள் மாணவனுக்கு இப்படித்தான் தெரியும். ல-வா ள-வா என்ற கேள்வி மட்டும் மிஞ்சும்.

அந்த மிச்சத்துக்கு விதி கிடையாது. பல்லி, பள்ளி, மனம், மணம், கரை, கறை, வலி, வழி: இவற்றைப் பொருளோடுதான் பழக வேண்டும். பயிற்சித் தாள்களில் இவற்றைச் சோடியாகவே தருகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரண்டையும் ஒரே நாளில் சொல்லிக்கொடுத்தால், ‘இந்த இரண்டும் குழப்பமானவை’ என்பது மட்டும் பிள்ளையின் மனத்தில் நிற்கிறது. எது எது என்பது நிற்பதில்லை. பள்ளி என்ற சொல் கையில் நன்றாகப் படிந்து இரண்டு மாதம் ஆன பிறகே பல்லியைக் கொண்டுவருகிறேன். என் வகுப்பில் அது பயன் தருகிறது.

பதில்: இரு பிள்ளைகளின் தாய், சென்னை

நான் ஆசிரியை இல்லை, பெற்றோராகச் சொல்கிறேன். ‘ஒரு வாரம் ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்துங்கள்’ என்பது எனக்கு அச்சம் தருகிறது. என் மூத்த மகளின் ஆசிரியர் ஒருவர் பிழைகளைத் திருத்தாமலே கையொப்பம் இட்டு அனுப்புவார். அந்தச் சொற்கள் அப்படியே கையில் ஊறி, எட்டாம் வகுப்பிலும் மாறவில்லை. பிள்ளை தப்பாக எழுதிய சொல்லைத் தானே பத்து முறை பார்த்தால் அதுதானே மனத்தில் பதியும்? பார்த்து எழுதுதலுக்கும் கையெழுத்துப் பயிற்சிக்கும் இக்காலத்தில் மதிப்பே இல்லாமல் போய்விட்டதோ என்றும் தோன்றுகிறது. எங்களை நாள்தோறும் ஒரு பக்கம் எழுத வைத்தார்கள். அதனால் வந்த பயனை நான் இன்றும் உணர்கிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, தஞ்சாவூர்

அம்மா, உங்கள் அச்சம் நியாயமானது. திருத்தாமல் கையொப்பம் மட்டும் இடுவது வேறு, இன்று இதைத் திருத்துகிறேன் என்று முடிவுசெய்து திருத்துவது வேறு. முன்னதை நான் ஒருநாளும் ஆதரிக்க மாட்டேன். பார்த்து எழுதுதலையும் நான் விடவில்லை. ஆனால் எதைப் பார்த்து எழுதுவது? அந்தப் பிள்ளை சொன்ன ஆட்டுக்குட்டிக் கதையை ஆசிரியர் எழுத்துத் தமிழில் பலகையில் எழுதி, அதை அவன் பார்த்து எழுதினால், ஒவ்வொரு சொல்லும் அவனுடையதாகவே இருக்கும். வடிவம் மட்டும் புதிது. அதில் கவனம் நிற்கும். ஒரே சொல்லைப் பத்து முறை எழுதும்போது நடப்பது என்ன என்று அருகில் உட்கார்ந்து பாருங்கள். நான் பார்த்திருக்கிறேன்: முதலில் பத்து ‘நே’யை மேலிருந்து கீழாக எழுதுவார்கள், பிறகு பத்து ‘ற்’, பிறகு பத்து ‘று’. அந்தப் பிள்ளை அந்தச் சொல்லை ஒருமுறைகூட எழுதவில்லை.

எழுத்து வடிவம் பற்றி ஒன்று. நான் 1980இல் பணியில் சேர்ந்தேன். 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்தில் ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலான 13 எழுத்துகளின் வடிவம் மாறியிருந்தது. நான் சிறுமியாகக் கற்ற யானைத் துதிக்கை போன்ற ‘லை’யை விட்டுவிட்டுப் புதியதை நானே பழகிக்கொண்டுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகளின் சுமை அதனால் பெரிதும் குறைந்தது. கொம்பு மட்டும் இன்றும் இடறுகிறது: ஒலிப்பில் பின்னால் வருவதை எழுத்தில் முன்னால் போட வேண்டியிருக்கிறது. கெ, கே, கொ, கோ மாற்றி எழுதும் பிள்ளைக்குக் குறில் நெடில் ஒலி தெரியவில்லையா, கொம்பின் சுழி தெரியவில்லையா என்று பிரித்தறியுங்கள். வாய்விட்டுச் சரியாகப் படித்தால் ஒலியில் குறையில்லை. சுழியைத்தான் பழக்க வேண்டும்.

பதில்: வடமராட்சி ஆசிரியர்

வணக்கம். யாழ்ப்பாணப் பக்கத்தில் தரம் நான்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். எங்கள் பிள்ளைகள் காற்று, நேற்று என்பவற்றில் ற்ற ஒலியைத் தகரமாக்கிச் சொல்வதில்லை. ஆகவே உங்களுடைய முதலாவது வரிசை எங்களுக்குத் தேவைப்படாது. ஆனால் ழ, ள இரண்டும் எங்களிடமும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ‘அப்பத்தா குடுக்குது’ என்பதற்கு இணையான ஒன்றும் எங்களிடம் உண்டு: மாமா வீட்டார் வந்ததை ‘அவை வந்தவை’ என்றே பிள்ளைகள் எழுதுவார்கள். எங்கள் பேச்சில் அது மனிதரைக் குறிக்கும். எழுத்துத் தமிழில் ‘அவை’ அஃறிணைப் பன்மை. ஆகவே ஒவ்வோர் ஊர் ஆசிரியரும் பிறர் செய்த பட்டியலை எடுத்துக்கொள்ளாமல், தம் பிள்ளைகளின் கொப்பிகளிலிருந்தே பட்டியலைத் தயாரிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான் செய்வது ஒன்று: எழுதுவதற்கு முன் பிள்ளைகள் இருவர் இருவராக இருந்து அந்தச் சம்பவத்தைத் தங்கள் பேச்சிலேயே கதைப்பார்கள். பிறகு தனியாக எழுதுவார்கள். தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையை மனத்தில் வைத்துப் பெற்றோர் கட்டுரைகளை மனனம் செய்விக்கும் சூழலில் இதற்கு நேரம் ஒதுக்குவது எளிதன்று. ஆயினும் கதைத்துவிட்டு எழுதும் பிள்ளைக்கு ‘என்ன எழுதுவது’ என்ற தவிப்பு இராது. கவனம் முழுவதும் ‘எப்படி எழுதுவது’ என்பதில் இருக்கும்.

பதில்: புதுக்கோட்டை ஆசிரியை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஐந்து வாரமாக ‘வீட்டில்’, ‘நோட்டில்’ என்ற பலகை நடக்கிறது. ற்ற, ச்ச இரண்டும் முடிந்து ‘ன்று’ வரிசையில் இருக்கிறோம். கருப்புக் குட்டியைப் பற்றிக் கேட்டேன். அது பிழைத்துவிட்டதாம், தாயிடமே பால் குடிக்கிறதாம், ஆனால் அவனைக் கண்டால் இன்னும் பாட்டிலைத் தேடி ஓடிவருகிறதாம். நேற்று எழுதியிருக்கிறான்: “கருப்புக் குட்டி என் சட்டைய புடித்து இழுக்குது. பாட்டில் இல்லை என்று காட்டினேன். நம்பவில்லை.” ‘புடித்து’ என்பதில் பாதிப் பாலம் கடந்திருக்கிறான். ‘என்று’ தானாக வந்திருக்கிறது. ‘சட்டையை’யும் ‘இழுக்கிறது’ம் அவற்றின் முறை வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. வட்டாரக் கல்வி அலுவலர் பார்வைக்கு வரும்போது திருத்தாத சொற்கள் நோட்டில் இருந்தால் நான் பார்க்கவே இல்லை என்றுதானே நினைப்பார்?

பதில்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, தஞ்சாவூர்

பக்கத்தின் அடியில் ‘இவ்வாரம் திருத்தியது: ன்று’ என்று தேதியுடன் எழுதிக் கையொப்பம் இடுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் எந்த வாரம் எந்த வரிசை என்று ஓர் அட்டவணை ஒட்டிவையுங்கள். அலுவலர் கேட்டால், ஜூன் மாதப் பக்கத்தையும் இந்த மாதப் பக்கத்தையும் அருகருகே விரித்துக் காட்டுங்கள். பெற்றோர் கூட்டத்திலும் அதையே செய்யுங்கள். அந்த அப்பத்தாவையும் வரச் சொல்லுங்கள், பேரன் எழுதியதை அவரிடம் நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.